மயிலுக்குப் போர்த்திய போர்வை

ஒவ்வொரு ஜனவரியிலும் டி.வி.யில் தவறாமல் வரும் செய்தி இது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘கொடைக்கானலில் உறைபனி! சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்!’ புல்தரையில் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரு காட்சி. நிறுத்திவைத்த கார் கூரையில் படிந்ததை யாரோ விரலால் சுரண்டிக் காட்டுவார். குரங்குக் குல்லா போட்ட ஒரு குழந்தை மைக்கைப் பார்த்து, ‘செம ஜில்லுனு இருக்கு அங்கிள்’ என்று சொல்லும். ‘குட்டி காஷ்மீராகக் காட்சியளிக்கிறது’ என்று நிருபர் முடிப்பார். அடுத்தது விளம்பரம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதம், நானும் அந்த உற்சாகக் கூட்டத்தில் ஒருவன். விடிகாலை ஐந்து மணிக்குக் குடும்பத்தை எழுப்பி, வாடகை வேனில் மன்னவனூர் பக்கம் அழைத்துப் போனேன். ஏரிப் பக்கத்தைவிட அங்கே கூட்டம் குறைவு என்று வேன் டிரைவர் சொல்லியிருந்தார். சொன்னது சரிதான். ரோட்டுக்குக் கீழே ஒரு பள்ளம் முழுக்க வெள்ளை. கோலமாவு டின்னைக் கவிழ்த்துவிட்ட மாதிரி. இறங்கி நடந்தால் காலடியில் புல் நறநறவென்று உடைகிறது. பிள்ளைகள் அதை அள்ளி அள்ளி ஒருவர் கன்னத்தில் ஒருவர் பூசிக்கொண்டார்கள். நான் போட்டோ எடுத்துத் தள்ளினேன்.

பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஒரு பெரியவர், தலையில் துண்டும் உடம்பில் கம்பளியுமாக நின்று, ஹோஸ் பைப்பைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில், அந்த நேரத்தில். எனக்குத் தாங்கவில்லை.

‘‘ஏங்கய்யா, இந்தக் குளிர்ல எதுக்குத் தண்ணி?’’

‘‘வெயில் ஏறுறதுக்குள்ள பனியக் கழுவி விட்டுரணும் சார். இல்லேன்னா இலை வெந்து கருகிப்போயிரும். உங்களுக்கு இது போட்டோ. எங்களுக்குக் கிழங்கு.’’

கேமராவை உறைக்குள் வைத்துவிட்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. எதிர்ச் சரிவைக் காட்டினார். மடிப்பு மடிப்பான புல்மேடு. அதன் இடுக்கில் கரும்பச்சையாக ஒரு சோலைக்காடு. கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி ஒரு கோட்டில் காடு நிற்கிறது. கோட்டுக்கு வெளியே ஒரு மரம் கிடையாது. புல்தான்.

‘‘சோலை அந்தக் கோட்டோட நின்னுருக்கு பாருங்க. எங்க தாத்தா காலத்துலயும் அங்கனதான் நின்னுச்சாம். உள்ள பனி விழாது. வெளிய விழும். வெளிய முளைச்ச சோலைக்கன்னு ஒரு பனிக்காலம் தாண்டாது சார்.’’

நான் இன்றைக்கு உங்களிடம் சண்டை போடப் போவது அந்தக் கோட்டுக்காகத்தான்.

முதலில் பனியைப் பற்றிக் கொஞ்சம். புல் நுனியில் நிற்கும் துளியும் நமக்குப் பனிதான். மலை ரோட்டில் லாரியை மறைக்கும் மூட்டமும் பனிதான். இமயத்தில் கொட்டுவதும் பனிதான். வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்தபோது முன்பனி, பின்பனி என்று இரண்டை அதற்கே எழுதிக்கொடுத்தவர்கள் நாம். ஆனால் இந்த உறைபனி கொஞ்சம் வேறு ஜாதி. ‘விழுது’ என்று சொல்கிறோமே தவிர, அது வானத்திலிருந்து விழுவதே இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் கலைந்து, காற்றும் அடங்கிய இரவுகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி கொஞ்சம் சூட்டைத் திருப்பித் தரும். மேகமில்லாத ராத்திரியில் தரை ஜில்லிட்டு, காற்றிலிருக்கும் ஈரம் புல்லின் மேலேயே ஐஸாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் நிற்பவனுக்கு வெறும் குளிர், பள்ளத்தில் நிற்கும் செடிக்குச் சாவு.

இன்னொன்று. ‘கொடைக்கானலில் குறைந்தபட்ச வெப்பநிலை 6 டிகிரி’ என்று பேப்பரில் போட்டிருப்பான். பக்கத்திலேயே உறைபனி போட்டோவும் இருக்கும். ஆறு டிகிரியில் எப்படிய்யா தண்ணீர் உறையும் என்று கேட்டு ஒரு நண்பர் என்னோடு சண்டை போட்டிருக்கிறார். வானிலைக்காரர்களின் தெர்மாமீட்டர், தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. புல்லின் கதை அதற்குத் தெரியாது. அதுவும் அந்தப் பெட்டி ஊருக்குள் இருக்கும். பனி தேங்குவதோ ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில். ஆக, உறைபனியைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டுமானால் பெட்டியைக் கேட்டால் போதாது. பனியில் அடிபட்டவர்களைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் அப்படித்தான் கேட்டார்கள், மரங்களிடம்.

மரத்தை வெட்டினால் வளையம் தெரியும், வருஷத்துக்கு ஒரு வளையம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதை ஒரு விஞ்ஞானமாக்கியவர் தாவரவியல்காரர் இல்லை. ஏ.ஈ.டக்ளஸ் என்ற வானியல்காரர். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன அல்லவா, அந்தக் கணக்கு பூமியின் மழையில் தெரிகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டார். பழைய மழைக் கணக்கு இல்லை. மரங்கள் எழுதி வைத்திருக்குமே என்று அரிசோனாவில் மரத்துண்டுகளைப் புரட்ட ஆரம்பித்தார். சூரியனில் ஆரம்பித்தது கடைசியில் மரத்தில் வந்து நின்றது. 1937ல் அங்கே மர வளையத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தையும் நிறுவினார்.

வளையத்தின் அகலம் மழையைச் சொல்லும். ஆனால் சில வளையங்களில் ஒரு காயம் இருக்கும். பட்டைக்கு அடியில் மரம் புதிதாகச் செல்களைக் கட்டிக்கொண்டிருக்கும் பருவத்தில், திடீரென்று சில ராத்திரி கடுங்குளிர் வந்தால், சுவர் கெட்டிப்படாத இளம் செல்கள் நசுங்கிப்போகின்றன. மரம் சாகாது. காயத்தை உள்ளே வைத்து மூடிக்கொண்டு அடுத்த வளையத்தைக் கட்டப் போய்விடும். நூறு வருஷம், ஆயிரம் வருஷம் கழித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், நெருக்கடியில் கசங்கிய சட்டை மாதிரி ஒரு வரி. அந்த வருஷம், அந்தப் பருவத்தில், அந்த மலையில் உறைபனி அடித்தது என்பதற்கு அதுவே கையெழுத்து.

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பிரிசில்கோன் பைன் என்று ஒரு மரம். நாலாயிரம் வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது. 1984ல் லமார்ஷ், ஹிர்ஷ்பெக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த மரங்களின் பனிக்காயங்களுக்குத் தேதி போட்டுப் பார்த்தார்கள். 1884ல் ஒரு காயம். அதற்கு முந்தின வருஷம், 1883 ஆகஸ்ட்டில், இந்தோனேசியாவில் கிரகடோவா எரிமலை வெடித்திருந்தது. 1912ல் ஒரு காயம். அந்த வருஷம் அலாஸ்காவில் கட்மாய். எரிமலை கக்கிய கந்தகம் வானத்தின் மேலடுக்கில் மெல்லிய திரையாகப் பரவி, வெயிலை மறைத்து, பூமியின் இன்னொரு மூலையில் நிற்கும் மரத்தின் நெஞ்சில் கோடு போட்டிருக்கிறது. கி.மு. 1627ஐ ஒட்டி இன்னொரு காயம் இருந்தது. கிரேக்கக் கடலில் சான்டோரினி தீவு வெடித்துச் சிதறியது அப்போதுதான் என்றார்கள். அந்த வழக்கு மட்டும் இன்றுவரை தீர்ப்பாகவில்லை. வேறு தேதி சொல்பவர்களும் பலமாகச் சண்டை போடுகிறார்கள். போடட்டும். சண்டை போட ஆவணம் இருக்கிறதே, அதுவே பாக்கியம்.

‘நம்ம கொடைக்கானல் மரத்தையும் அப்படிப் படிச்சிரலாமே’ என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. முடியாது. சோலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு, வருஷத்துக்கு ஒன்று என்று நம்பிக்கையோடு எண்ணக்கூடிய தெளிவான வளையம் கிடையாது. அமெரிக்க மலை மரம் மாதிரி ஆறு மாசம் அசையாமல் தூங்குகிற குளிர்காலம் இங்கே இல்லையே. தென்னிந்தியாவில் ஒழுங்காக வருஷக் கணக்கு எழுதும் மரம் தேக்கு. கோடையில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் கேரளத் தேக்குகளை வைத்து 1481 முதல் 2003 வரை 523 வருஷக் கணக்கைத் தொகுத்து, 2010ல் வெளியிட்டார்கள். எந்த வருஷம் பருவமழை பொய்த்தது, அதில் எல் நினோவின் கைவரிசை என்ன என்பதெல்லாம் அதில் தெரிகிறது. ஆனால் தேக்கு கீழ்க்காட்டு மரம். 2,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் கொடைக்கானல் பீடபூமிக்கு அது ஏறாது. உறைபனியை அது கண்டதும் இல்லை.

அப்படியானால் பழனிமலையில் உறைபனி எங்கேதான் கையெழுத்து போட்டது? கம்பளிப் பெரியவர் கையை நீட்டிக் காட்டினாரே, அங்கேதான். மரத்துக்கு உள்ளே எழுதுவதற்குப் பதில், மலை மேலேயே எழுதியிருக்கிறது. காடு நிற்கும் கோடுதான் பனியின் கோடு.

அவர் சொன்னதை 1938ல் ஒரு வன அதிகாரி எழுதியிருக்கிறார். சி.ஆர்.ரங்கநாதன். நீலகிரியின் சோலைகளையும் புல்வெளிகளையும் பற்றி ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: சோலை மரத்தின் கன்று உறைபனியைத் தாங்காது, அதனால்தான் புல்வெளி புல்வெளியாகவே இருக்கிறது. அதே வருஷம் அதே பத்திரிகையில் போர் என்ற வெள்ளைக்கார அதிகாரி மறுத்தார். அதெல்லாம் இல்லை, தீ வைத்தும் மாடு மேய்த்தும் மனிதன் காட்டை அழித்ததால் வந்த புல் இது என்றார். இந்தச் சண்டை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. ‘மனுஷன் அழித்த காடு’ என்றால் திரும்ப மரம் நடுவது பிராயச்சித்தம். ‘பனி காத்த புல்’ என்றால் அதில் மரம் நடுவது அத்துமீறல். பாருங்கள், ஒரு தாவரவியல் விவாதத்துக்குள் எத்தனை லட்சம் மரக்கன்று ஒளிந்திருக்கிறது!

1993ல் ‘நேச்சர்’ இதழில் சுகுமார், ரமேஷ் முதலிய இந்திய விஞ்ஞானிகள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணைத் தோண்டி எடுத்து, அதிலிருக்கும் கார்பனைச் சோதித்தார்கள். மரம் விட்டுப்போன கார்பனும் இந்த வகைப் புல் விட்டுப்போன கார்பனும் ஜாடையில் வேறுபடும். சுமார் 20,000 வருஷத்துக்கு முந்தின அடுக்கிலேயே புல் இருந்தது. கோடாலியோடு மனிதன் வந்து காட்டை அழித்துத்தான் புல் வந்தது என்ற கதை அதோடு ஆட்டம் கண்டது. வறண்ட குளிர்க்காலங்களில் புல் பெருகியிருக்கிறது, ஈரமான காலங்களில் சோலை பெருகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷமாக அந்தக் கோடு முன்னும் பின்னும் நகர்ந்து, பருவநிலையின் வரலாற்றை எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

2020ல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் நீலகிரியில் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ரங்கநாதன் பக்கம் நின்று பேசுகிறது: காட்டையும் புல்லையும் அதனதன் இடத்தில் நிறுத்திவைப்பது உறைபனி, அந்நிய மரங்களின் படையெடுப்பும் உயரும் வெப்பமும் அந்தச் சமநிலையைக் குலைத்துவிடும்.

பழனிமலையில் நாம் எப்போதோ குலைத்துவிட்டோம்.

இங்கே நம் பழைய மன்னர் ஒருவரை இழுக்க வேண்டியிருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான பேகன். அவர் ஆண்டது வேறு எந்த மலையும் இல்லை, இதே பழனிமலைதான். மலைச்சாரலில் மயில் அகவியதைக் கேட்டு, ஐயோ குளிரில் நடுங்குகிறதே என்று தன் போர்வையை எடுத்துப் போர்த்தினார். இரண்டாயிரம் வருஷமாகக் கொண்டாடுகிறோம். நானும் பள்ளிக்கூடத்தில் பத்து மார்க் வாங்கியிருக்கிறேன். இந்த வயதில் யோசித்தால் ஒரு சின்ன உறுத்தல். போர்வையைப் பற்றி மயில் என்ன நினைத்தது என்று யாராவது கேட்டார்களா? அதற்குத்தான் உடம்பு முழுக்க இறகு இருக்கிறதே!

பேகன் ஒரே ஒரு மயிலுக்கு ஒரே ஒரு போர்வையோடு நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மலைக்கே போர்த்தினார்கள். மரமில்லாத நிலம் வீணான நிலம் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. அவன் போன பிறகு நாம் அந்தக் கணக்கு நோட்டை இன்னும் சிரத்தையாக எழுதினோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில், அதாவது சீகை மரம். அதே நாட்டிலிருந்து தைல மரம். அயல்நாட்டிலிருந்து பைன். பட்டை தோல் பதனிட, தண்டு கூழ் ஆலைக்கு, மிச்சம் விறகுக்கு. நீங்கள் கொடைக்கானலில் குதிரை ஏறி, மக்காச்சோளம் தின்று, கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த பைன் காடு இருக்கிறதே, அது காடே இல்லை. தோப்பு. வரிசை போட்டு நட்ட தோப்பு. அடுத்த தடவை போகும்போது கீழே பாருங்கள். ஊசி இலை மெத்தையைத் தவிர அதிகம் எதுவும் இருக்காது.

1973க்கும் 2014க்கும் நடுவே எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, பழனிமலையின் புல்வெளியைப் பற்றி 2018ல் ஓர் ஆய்வு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணோம். நாற்பது வருஷத்தில்! தின்றது யார்? மரத்தோப்புகளும் விவசாயமும். ஆமாம், விவசாயமும்தான். எனக்குப் பாடம் சொன்ன பெரியவரின் உருளைக்கிழங்குத் தோட்டமும் ஒரு காலத்தில் புல்வெளியாகத்தான் இருந்திருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. ஆனால் அவர் போட்ட கிழங்கு வேலி தாண்டாது. வாட்டில் தாண்டும். அதன் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடந்து, ஒரு தீயோ மண்வெட்டியோ பட்டதும் கூட்டமாக எழும். சோலைக்கன்றைக் கொல்கிற பனிக்காலத்தையும் தாண்டிப் புல்வெளியில் தானாகப் பரவிக்கொண்டிருக்கிறது. பனி போட்ட கோட்டை மதிக்காத மரத்தைத் தேடிப் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்து நட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் சில வாசகர்கள் பேனாவைத் திறந்துவிட்டிருப்பார்கள். ‘மரம் நடாதே என்று எழுத எந்தக் கம்பெனி காசு கொடுத்தது?’ யாரும் கொடுக்கவில்லை சார். சமவெளியில் நடுங்கள். சாலையோரம் வெட்டினானே, அங்கே நடுங்கள். உங்கள் தெருவில், உங்கள் கண்மாய்க் கரையில் நடுங்கள். நானே வந்து குழி தோண்டுகிறேன். புல்வெளி மேல் நடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. அந்தப் புல் சும்மா கிடக்கும் புல் இல்லை. மழையை வாங்கிப் பஞ்சு மாதிரி வைத்திருந்து கோடையில் ஓடையாக விடுவது அதுதான். நம் மாநில விலங்கு வரையாடு மேய்வது அதில்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி நிற்பதும் அதில்தான். 2018ல் பூத்தது, அடுத்தது 2030. அந்தப் பூவின் பெயரைத்தான் மலைநிலத்துக்கே வைத்தோம். தென்னாப்பிரிக்காவில் இதே வாட்டில் மலைத் தண்ணீரை உறிஞ்சித் தீர்க்கிறது என்று கண்டுபிடித்து, 1995ல் ஒரு தேசியத் திட்டமே போட்டு, ஏழைகளுக்குக் கூலி கொடுத்து வெட்டித் தள்ளத் தொடங்கினார்கள்.

நம் ஊரிலும் அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. 2022ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கு ஒரு கொள்கையை வெளியிட்டது. நல்ல காரியம். கை தட்டினேன். அதே 2022ல் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவிகிதமாக உயர்த்த ‘பசுமைத் தமிழ்நாடு இயக்கம்’ தொடங்கியது. அதுவும் நல்ல காரியம். அதற்கும் கை தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நாட்டில் எவ்வளவு காடு இருக்கிறது என்று கணக்கெடுக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அளவுகோல் என்ன தெரியுமா? ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து சதவிகிதத்துக்கு மேல் மர நிழல் இருந்தால் அது காடு. என்ன மரம், யார் நட்டது, எந்த நாட்டுச் சரக்கு என்ற கேள்வியே கிடையாது. அதாவது, மன்னவனூர்ச் சரிவில் ஓர் அதிகாரி யோக்கியமாக வேலை செய்து, வாட்டிலை எடுத்துப் புல்லை மீட்டால், அவர் ஏரியாவில் ‘காடு குறைந்துவிட்டது’ என்று கணக்கு வரும். புல்வெளியை வாட்டில் விழுங்கட்டும் என்று சும்மா இருந்தால் ‘காடு வளர்ந்திருக்கிறது’ என்று வரும். எந்த அதிகாரி புல்லை மீட்பார்? நீங்களாக இருந்தால் மீட்பீர்களா?

அதற்காக நாளைக்கே புல்டோசரை ஏற்றி எல்லா அந்நிய மரத்தையும் சாய்க்கச் சொல்லவில்லை. ஒரே மூச்சில் சாய்த்தால் மண் சரியும், வாட்டில் விதை இன்னும் வெறியோடு முளைக்கும். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தலைகாட்டியிருக்கின்றன. அங்கே கோடாலி பொறுமையாக இருக்கட்டும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை மலையைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். எனக்கு அவசரம் மிச்சமிருக்கும் ஒரு பங்கைப் பற்றித்தான்.

ஏனென்றால் இப்போதுதான் அந்தக் கோடு நமக்கு அதிகம் தேவைப்படும் நேரம். பூமி சூடாகிறது. பழனிமலையில் உறைபனி ராத்திரிகள் குறைகின்றனவா, குறைந்தால் சோலை வெளியே நகருமா, இல்லை வாட்டில்தான் எல்லாவற்றையும் முந்திக்கொள்ளுமா? இதற்கெல்லாம் பதில் அந்தக் கோட்டில்தான் எழுதப்படும். எழுதும் பக்கத்தின் மேலேயே தோப்பைக் கொட்டிவிட்டால் என்ன படிப்பது?

ஆவணத்தின் அருமை தெரியாத ஊர் என்றால்கூடப் பரவாயில்லை, மன்னித்துவிடலாம். கொடைக்கானலில் 1899ல் நிறுவிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1909ல் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றது இங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களிலிருந்து சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து, பத்திரமாக வைத்து, இப்போது கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறார்கள். பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சூரியனுக்கு நூறு வருஷ ஆல்பம் வைத்திருக்கிறது இந்த ஊர். காலடியில் கிடக்கும் புல்லுக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வைத்திருக்கிறதா?

சரி, குறை சொன்னது போதும், என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கோடு போட்டுக் கேட்கிறேன். மிச்சமிருக்கும் புல்வெளியில் யாரும், எந்த நல்ல காரணத்துக்காகவும், எந்த மந்திரி பிறந்தநாளுக்காகவும், மரம் நடக் கூடாது. வன ஆய்வுக் கணக்கில் மலைப்புல்வெளிக்குத் தனிக் கட்டம் வேண்டும். புல் திரும்பினால் அதை லாபத்தில் எழுத வேண்டும். அப்புறம், இது என் சொந்த ஆசை: வெட்டித்தான் தீர வேண்டும் என்று முடிவாகிற பைன் மரங்களில் ஒவ்வொரு தோப்பிலிருந்தும் சில வட்டத் துண்டுகளையாவது அறுத்து, இடத்தின் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பைனில் வளையம் தெரியும். அது வருஷத்துக்கு ஒன்றுதானா என்பதைச் சரிபார்க்க வனத்துறைக்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. நட்ட வருஷம் அவர்கள் ரிஜிஸ்டரிலேயே இருக்கும். சரியாக வந்தால், எந்த வருஷம் நல்ல மழை, எந்த வருஷம் காய்ச்சல், எங்காவது ஒரு பனிக்காயம் இருக்கிறதா என்று தேடலாம். குற்றவாளியை அப்ரூவர் ஆக்குவது நம் கோர்ட்டில் தினமும் நடப்பதுதானே. இப்போது என்ன நடக்கிறது? டன் கணக்கில் எடை போட்டு லாரியில் ஏறிப் போகிறது.

நிற்கும் மரத்தைப் படிக்க வெட்டவும் வேண்டாம், பென்சில் பருமனில் துளைபோட்டு ஒரு குச்சி எடுத்தால் போதும். 1964ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி மாணவர் பிரிசில்கோன் பைன் ஒன்றை அதிகாரிகளின் அனுமதியோடு வெட்டிச் சாய்த்துவிட்டு, அப்புறம் வளையத்தை எண்ணினார். 4,800ஐத் தாண்டிப் போனது. அதுவரை எண்ணப்பட்ட மரங்களிலேயே அதுதான் வயதில் மூத்தது என்பது, வெட்டிய பிறகுதான் தெரிந்தது.

மன்னவனூர் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். பெரியவரிடம் சொல்லிக்கொண்டு வேனில் திரும்பும்போது, ரோட்டோரப் புல்சரிவில் ஒரு பேனர். ‘மாபெரும் மரம் நடு விழா’. ஓர் அமைப்பின் பெயர். வேண்டாம், அவர்களும் நல்ல மனசுக்காரர்கள்தான். சரிவு முழுக்க, அளவெடுத்த மாதிரி வரிசையாகக் குழிகள். வெயில் ஏறி, புல்லின் மேலிருந்த வெள்ளை உருகிப் போயிருந்தது. குழிகளுக்குள் மட்டும் இன்னும் உருகவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் பனி.

‘‘நாளைக்குத்தான் சார் விழா, பெரிய ஆளுங்கள்லாம் வர்றாங்க’’ என்றார் டிரைவர்.

‘‘இப்பத்தான் தோண்டினாங்களா?’’

‘‘இல்ல சார். போன வருஷம் நட்டாங்கல்ல, அதே குழிதான்.’’